கர்ப்பப்பை இறக்கம்: பயிற்சியா, வளையமா, ஆபரேஷனா?

"அம்மாவுக்கு அடி இறங்கியிருக்காம். ஆபரேஷன்தான்னு சொல்லிட்டாங்க. பண்ணலாமா, வேணாமா?"

இந்தக் கேள்வியைக் கேட்பது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். சம்பந்தப்பட்ட அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இதையெல்லாம் ஏன் வெளியில சொல்லிக்கிட்டு" என்று முணுமுணுப்பது போனில் கேட்கும். எண்ணூரிலிருந்து ஒருவர் கேட்பார், வியாசர்பாடியிலிருந்து ஒருவர் கேட்பார். வயது வேறு, வேலை வேறு, உடம்பு வேறு. ஆனால் எல்லோர் காதிலும் விழுந்திருப்பது ஒரே வழிதான்: பையை எடுத்துவிடுவது.

உண்மையில் வழி நான்கு இருக்கிறது: சும்மா கவனிப்பது, பயிற்சி, உள்ளே வைத்துத் தாங்கும் வளையம், ஆபரேஷன். எது நல்லது என்பதைப் பாதி உடம்பு சொல்லும். மீதியை, வீட்டில் குடம் தூக்குவது யார் என்று கேட்டால்தான் தெரியும். இந்த இரண்டாவது கேள்வியை ஓ.பி.யில் யாரும் கேட்பதில்லை. கேட்க அவர்களுக்கு நேரமும் இல்லை. அதனால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

## என்ன நடந்திருக்கிறது?

இடுப்பெலும்புக்கு அடியில் தசையும் நாரும் சேர்ந்து ஒரு தூளிபோலத் தொங்குகின்றன. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. தூளி தளர்ந்தால் மேலே இருப்பது இறங்கும். முன்சுவர் தளர்ந்தால் மூத்திரப்பையும், பின்சுவர் தளர்ந்தால் மலக்குடலும் பிறப்புறுப்பு வழியில் பிதுங்கும். நடுவில் இருப்பது கர்ப்பப்பை. பலருக்கு இரண்டோ மூன்றோ சேர்ந்தே இறங்கியிருக்கும். கர்ப்பப்பையை ஏற்கெனவே எடுத்தவர்களுக்குக்கூட, பிறப்புறுப்பு வழியின் மேல்முனை இறங்கி வரலாம்.

சுகப்பிரசவங்கள் (அதிலும் பெரிய குழந்தை, ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம்), மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைவது, நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடல் எடை, வருடக்கணக்காகக் கனம் தூக்குவது ஆகியவைதான் காரணம். காசிமேட்டில் மீன் கூடையைத் தலைக்கு ஏற்றும் பெண்ணுக்கும், தெருமுனை டேங்கிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டு வருபவருக்கும், அடி பம்பில் தொங்கித் தொங்கித் தண்ணீர் அடிப்பவருக்கும் வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி ஏறி அந்தத் தூளியைத்தான் கீழே தள்ளுகிறது.

இது புற்றுநோய் இல்லை. பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தும் இல்லை. அதனால் யோசித்து முடிவெடுக்க நேரம் இருக்கிறது. சிலவற்றுக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது: மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் படுவது, மூத்திரம் வராமல் அடைத்துக்கொள்வது, வெளியே வந்தது உள்ளே போகாமல் நிற்பது, அதில் புண் வைத்திருப்பது, காய்ச்சலோடு துர்நாற்றமான வெள்ளைப்படுதல். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை அப்புறம் படிக்கலாம், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது?

தொந்தரவு எவ்வளவு? சீட்டில் 'செகண்ட் டிகிரி', 'தேர்ட் டிகிரி' என்று எழுதியிருக்கும். அது எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்வதில்லை. செகண்ட் டிகிரியோடு நிம்மதியாக இருப்பவரும் உண்டு, அதே டிகிரியில் உட்கார முடியாமல் தவிப்பவரும் உண்டு. சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியது கஷ்டத்தை வைத்துத்தான்.

எது இறங்கியிருக்கிறது? இறங்கியது மூத்திரப்பை மட்டும் என்றால், கர்ப்பப்பையை எடுத்து மட்டும் என்ன பயன் என்று கேட்கலாம். கேட்கவும் வேண்டும்.

இனி குழந்தை வேண்டுமா? தாம்பத்தியம் உண்டா? இரண்டாவது கேள்வியை அறுபது வயதுக்காரரிடம் டாக்டரும் கேட்கமாட்டார், மகளும் கேட்கமாட்டார். சில ஆபரேஷன்களுக்குப் பிறகு அது முடியாது என்பதால் கேட்டே ஆக வேண்டும்.

எத்தனை வாரம் கனம் தூக்காமல் இருக்க முடியும்? வேலைக்குப் போகாமல் மட்டுமல்ல, வீட்டிலும் தூக்காமல். ஒரு கேன் தண்ணீர் 20 லிட்டர், அதாவது 20 கிலோ.

திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆள் உண்டா? இது வளையத்துக்கான கேள்வி.

மற்ற நோய்கள்? சர்க்கரை, பிரஷர், இதய நோய், மூச்சிரைப்பு.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே ஒரு அட்டவணை:

| வழி | யாருக்குப் பொருந்தும் | வேலை இழப்பு | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| சும்மா கவனிப்பது | தொந்தரவே இல்லாதவர்களுக்கு | இல்லை | கவனிக்காமலே விட்டுவிடும் ஆபத்து |
| பயிற்சி | லேசான, நடுத்தர இறக்கம் | இல்லை | மூன்று நான்கு மாதப் பொறுமை, சொல்லிக்கொடுக்க ஆள் |
| வளையம் | ஆபரேஷன் வேண்டாதவர், முடியாதவர், தள்ளிப்போடுபவர் | ஓ.பி.க்குப் போகும் நாட்கள் மட்டும் | வருடக்கணக்கான செக்கப் |
| ஆபரேஷன் | தொந்தரவு அதிகம், ஓய்வுக்கு வழி உண்டு | ஆறு வாரமாவது | துணைக்கு ஆள், மறுபடி இறங்கும் வாய்ப்பு |

## சும்மா கவனிப்பது

வேறு எதற்கோ பரிசோதித்தபோது தெரியவந்தது, உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றால் இதுவே போதும். மலச்சிக்கல், இருமல், எடை மூன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் அது கட்டாயம் முழுவதுமாக வெளியே வந்துவிடும் என்று பயமுறுத்துபவர்களை நம்ப வேண்டாம். பல வருடம் அப்படியே நிற்பதும் உண்டு.

ஆனால் முழுசாக வெளியே வந்த இறக்கத்தை இப்படி விடக் கூடாது. உரசி உரசிப் புண்ணாகும். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் மடங்கி, சத்தமில்லாமல் சிறுநீரகம் வீங்கும். சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு காலம் தள்ளும் பாட்டிகளுக்கு ஒரு சிறுநீரக ஸ்கேனாவது எடுத்தாக வேண்டும்.

## பயிற்சி

2014ல் வெளியான ஓர் ஆய்வில் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று நாட்டிலும் சேர்த்து 447 பெண்கள் இருந்தார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இடுப்புத்தளப் பயிற்சி சொல்லிக்கொடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடம் கழித்துத் தொந்தரவு குறைந்திருந்தது. பிரிட்டனின் வழிகாட்டுதல் லேசான, நடுத்தர இறக்கத்துக்கு முதலில் குறைந்தது 16 வாரம் ஆள் வைத்துப் பயிற்சி கொடுத்துப் பார்க்கச் சொல்கிறது. நம் ஊரில் "கீகல் பண்ணுங்கம்மா" (இதே பயிற்சியின் பெயர்தான்) என்ற ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. பயிற்சி பலிக்கவில்லை என்பவர்களில் பலருக்குப் பயிற்சியே கிடைத்ததில்லை என்பதுதான் என் எண்ணம்.

செய்யும் விதம் இதுதான். நாலு பேர் நடுவில் காற்று பிரியாமல் அடக்குவீர்கள் இல்லையா, அந்தத் தசையை உள்ளே, மேலே இழுங்கள். தொடையும் புட்டமும் இறுகக் கூடாது. மூச்சு பிடிக்கக் கூடாது. பத்து விநாடிவரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்துங்கள். முதலில் மூன்று விநாடிதான் நிற்கும், பரவாயில்லை. பத்து முறை ஒரு சுற்று, ஒரு நாளைக்கு மூன்று சுற்று. இருமுவதற்கும் தும்முவதற்கும் குடத்தைத் தூக்குவதற்கும் ஒரு நொடி முன்னால் அதே தசையை இழுத்துப் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூத்திரம் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகுவது மட்டும் வேண்டாம்.

ஒற்றை அறை வீட்டில் தனிமை எங்கே என்று கேட்பார்கள். இதற்குப் பாய் விரிக்கத் தேவையே இல்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. உண்மையான சிக்கல் வேறு. தவறாகச் செய்பவர்கள் உள்ளே இழுப்பதற்குப் பதில் கீழே முக்குகிறார்கள். அது இறக்கத்தை இன்னும் கூட்டும். அதனால் முதல் தடவையாவது பெண் பிசியோதெரபிஸ்ட்டோ டாக்டரோ விரல் வைத்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஸ்டான்லி போன்ற மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. மகளிர் ஓ.பி.யில் அங்கே எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் எழுதுவார்கள்.

லேசான இறக்கம், பிரசவம் ஆகி ஓரிரு வருடம், இன்னும் குழந்தை வேண்டும் என்பவர்களுக்கு இதுதான் முதல் வழி. முழுக்க வெளியே வந்ததைப் பயிற்சி உள்ளே கொண்டுபோகாது.

## வளையம்

நான்கில் அதிகம் பேசப்படாதது இதுதான். எனக்கு இதன்மேல் கொஞ்சம் பாரபட்சம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

'ரிங் பெசரி' என்பார்கள். வளையும் சிலிக்கான் வளையம், உள்ளங்கையில் அடங்கும். இரண்டாக மடித்து, வழுவழுப்பு ஜெல் தடவி உள்ளே நுழைத்தால், உள்ளே போய் விரிந்து இறங்கும் உறுப்பைத் தாங்கிக்கொள்ளும். மயக்க ஊசி கிடையாது, தையல் கிடையாது. சைஸ் பார்த்துத்தான் போட வேண்டும். முதல் சைஸே பொருந்தும் என்று சொல்ல முடியாது. போட்டதும் எழுந்து நடக்கச் சொல்வார்கள், குந்தி உட்காரச் சொல்வார்கள், இரும வைப்பார்கள், மூத்திரம் போய்விட்டு வரச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்களே இதையெல்லாம் செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள். சரியாகப் பொருந்தியிருந்தால் உள்ளே ஒன்று இருப்பதே தெரியாது. வலித்தால் சைஸ் பெரிசு, நழுவினால் சிறிசு.

குந்தி உட்காரும் கழிப்பறை உள்ள வீட்டில் ஒரு எச்சரிக்கை: முக்கினால் வளையம் நழுவி விழலாம். ஆரம்ப நாட்களில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாதாரண வளையத்தோடு தாம்பத்தியம் முடியும். மாதவிடாயும் தடையில்லை. இறக்கம் பெரிதாக இருந்தால் காம்பு வைத்த 'கெல்ஹார்ன்' என்ற வகை தேவைப்படும். அது உள்ளே இருக்கும்போது உறவு முடியாது.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணம் அல்ல, ஞாபகம். போட்ட சில வாரத்தில் ஒரு செக்கப், அப்புறம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, கழுவி, உள்ளே புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். வெள்ளைப்படுதல் கூடும். மாதவிடாய் நின்றவர்களுக்குத் தோல் மெலிந்திருப்பதால் ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதித் தருவார்கள். வளையம் போட்டதையே மறந்து வருடக்கணக்காக விட்டால், அது சதையில் பதிந்து, அரித்து, மூத்திரப்பைக்கோ மலக்குடலுக்கோ ஓட்டை போடும் அளவுக்குப் போகலாம். அதனால் மறதி நோய் உள்ளவருக்கு, கூட்டிப்போக யாரும் இல்லை என்றால், வளையம் சரிப்படாது. தானே எடுத்துக் கழுவிப் போட்டுக்கொள்ளப் பழகினால் ஆஸ்பத்திரி அலைச்சல் குறையும். நம் பெண்கள் இதற்குக் கூச்சப்படுவார்கள் என்று நாமாக முடிவுகட்டிக்கொள்கிறோம். கற்றுக்கொடுத்தால் செய்கிறார்கள்.

வளையமும் ஆபரேஷனும் நேருக்கு நேர் நின்றால்? நெதர்லாந்தில் 440 பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து, ஆபரேஷன் பிரிவில் 81.5 சதவீதம் பேரும் வளையப் பிரிவில் 76.3 சதவீதம் பேரும் தேவலை என்றார்கள். ஆனால் வளையத்தில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வருடத்துக்குள் ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள். ஆகவே வளையம் ஆபரேஷனுக்குச் சமம் என்று சொல்ல முடியாது. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன்: போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் எடுத்துவிட்டு ஆபரேஷனுக்குப் போகலாம். எடுத்த கர்ப்பப்பையைத் திரும்ப வைக்க முடியாது.

இதய நோய், கட்டுப்படாத சர்க்கரை என்று மயக்க மருந்துக்கு யோசிப்பவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள், இன்னும் குழந்தை வேண்டுபவர்கள், மகளின் கல்யாணம் முடியட்டும் என்று நாள் தள்ளுபவர்கள், ஒரு வாரம் கடை போடாவிட்டால் அடுப்பெரியாதவர்கள், இவர்களெல்லாம் வளையத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பல இடங்களில் தாமாக யாரும் சொல்வதில்லை.

## ஆபரேஷன்

'ஆபரேஷன்' என்று ஒன்று கிடையாது, பல இருக்கின்றன. கையெழுத்துப் போடும் முன் எது என்று தெரிந்தாக வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்து, சுவரைச் சரிசெய்வது. கீழ்வழியாகவே செய்வார்கள், வயிற்றில் தழும்பு இருக்காது. நம் ஊரில் அதிகம் நடப்பது இதுதான். "பையையே எடுத்துட்டா இறங்குறதுக்கு என்ன இருக்கு?" என்ற நினைப்பு படித்தவர்களிடமும் இருக்கிறது. இறங்கியதற்குக் காரணம் பை அல்ல, அதைத் தாங்கும் தளர்ந்த நார்கள். பையை மட்டும் எடுத்துவிட்டு மேல்முனையை உறுதியான நாரோடு சேர்த்துத் தைக்காமல் விட்டால், சில வருடத்தில் அந்த முனையே இறங்கி வரும். ஆகவே, "மேல்முனையை எதோடு சேர்த்துத் தைப்பீர்கள்? முன்சுவர், பின்சுவர் இரண்டையும் சரிசெய்வீர்களா?" என்று கேளுங்கள். சூலகத்தையும் சேர்த்து எடுப்பார்களா, ஏன் என்பதையும் கேளுங்கள்.

கர்ப்பப்பையை வைத்துக்கொண்டு தூக்கிக் கட்டுவது. குழந்தை வேண்டும் இளம் பெண்களுக்காக நம் நாட்டு டாக்டர்களே வழி கண்டிருக்கிறார்கள். ஷிரோத்கர், புரந்தரே பெயரில் உள்ள ஸ்லிங் ஆபரேஷன்கள் அப்படிப்பட்டவை. நீண்டுபோன கர்ப்பப்பை வாயைக் குறைத்து நார்களை முன்னால் இழுத்துத் தைக்கும் மான்செஸ்டர் ஆபரேஷன் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. பழசு என்று ஒதுக்கியிருந்தார்கள். கர்ப்பப்பையை இடுப்பெலும்பின் நாரோடு சேர்த்துத் தைக்கும் முறையோடு 2023ல் ஒப்பிட்டுப் பார்த்தபோது பழசுதான் மேலாக இருந்தது. ஆனால் இதில் கர்ப்பப்பை வாயின் ஒரு பகுதி போவதால், அடுத்த பிரசவத்துக்கு ஆசைப்படுபவர்களுக்கு ஏற்றதல்ல.

மூடிவிடுவது. வயதானவர், தாம்பத்தியம் இனி வேண்டாம் என்று அவரே சொல்பவர், பெரிய ஆபரேஷனைத் தாங்காதவர் என்றால் முன்சுவரையும் பின்சுவரையும் சேர்த்துத் தைத்து வழியையே அடைத்துவிடலாம். சின்ன ஆபரேஷன், திரும்ப இறங்குவதும் மிக அரிது. எண்பது வயதுப் பாட்டிக்கு எதற்கு கர்ப்பப்பை எடுக்கும் பெரிய ஆபரேஷன் என்று குழம்பும் பேரப்பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்கலாம். முடிவை மட்டும் பாட்டியே சொல்லட்டும்.

வலை ('மெஷ்') வைப்பது. கீழ்வழியாகச் செயற்கை வலை வைத்துத் தைக்கும் முறையில் வலியும் வலை அரித்து வெளிவருவதும் அதிகமாகி, 2019 ஏப்ரலில் அமெரிக்கா இறக்கத்துக்கான அந்த வலைகளின் விற்பனையையே நிறுத்தியது. வயிற்றுவழி, லேப்ராஸ்கோப்பில் மேல்முனையை முதுகெலும்பின் அடியோடு வலையால் கட்டுவது வேறு. அது இன்னும் நடக்கிறது, நல்ல பலனும் தருகிறது. 'மெஷ்' என்ற சொல் காதில் விழுந்தால் எந்த வழியாக என்று கேட்டுவிடுங்கள்.

செலவுக்கு வருவோம். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., ஸ்டான்லி (பெரியவர்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள்), கொஞ்சம் தள்ளி எழும்பூர் தாய்சேய் ஆஸ்பத்திரி, இந்த அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்குக் கட்டணம் இல்லை. தனியாரிடம் போவதானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உங்களுக்குச் சொல்லப்பட்ட அந்த ஆபரேஷனுக்கே செல்லுமா என்பதை அட்மிஷனுக்கு முன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டை இருக்கிறதே என்பதற்காகச் செய்துகொள்ளும் ஆபரேஷன் எனக்குப் பிடிக்காது.

காசில்லாத ஆபரேஷனுக்கும் விலை உண்டு. சர்க்கரை குறையவில்லை என்று தேதி தள்ளிப்போகும். புண் இருந்தால் மருந்து தோய்த்த துணி வைத்து அது ஆறும்வரை வார்டில் இருக்க வேண்டியிருக்கும். கூட ஒரு பெண் துணை வேண்டும், அவருக்கும் கூலி போகும். வீட்டுக்கு வந்தபின் ஆறு வாரம் ஓய்வு, மூன்று மாதம்வரை குடம், கேன், கூடை, கிரைண்டர் கல், பேரக்குழந்தை எதையும் தூக்கக் கூடாது. இந்த இடத்தில்தான் ஆபரேஷன்கள் தோற்கின்றன. டிஸ்சார்ஜ் சீட்டில் 'கனம் தூக்கக் கூடாது' என்று இருக்கும், லாரித் தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் வேறு ஆள் இருக்காது. தேதி வாங்கும் முன் கணவனையும் மகனையும் உட்காரவைத்து, யார் தண்ணீர் பிடிப்பது, யார் துணி துவைப்பது என்று பேசி முடிவு செய்யுங்கள். அது முடியாத வீடு என்றால், முடியும் காலம்வரை வளையத்தோடு இருப்பதே மேல்.

திரும்ப இறங்குமா? இறங்கலாம், முன்சுவர்தான் அதிகம். 1997ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இறக்கத்துக்கும் மூத்திரக் கசிவுக்கும் நடந்த ஆபரேஷன்களில் 29 சதவீதம் இரண்டாம் முறை செய்தவை. இன்னொன்று, இறங்கிய மூத்திரப்பை, மூத்திரக் குழாயை மடக்கி வைத்திருந்ததால் இதுவரை கசிவு இல்லாமல் இருந்திருக்கும். தூக்கிக் கட்டியதும் இருமினால் கசிய ஆரம்பிக்கலாம். ஆபரேஷன் கெட்டுப்போனது என்று நினைத்துவிடுவார்கள். வெளியே வந்ததை உள்ளே தள்ளிவைத்து இரும வைத்து முன்கூட்டியே பார்க்க முடியும், அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், வெளியே வந்து உரசும் இறக்கம், வளையம் நிற்காதவர்கள், ஓய்வுக்கு வீட்டில் ஆள் உள்ளவர்கள், வருடக்கணக்கில் செக்கப்புக்கு அலைய முடியாதவர்கள், இவர்களுக்கு ஆபரேஷன்தான் நல்லது. பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

## ஓ.பி.க்குப் போகும்போது

இறக்கத்தைக் கண்டுபிடிப்பது ஸ்கேன் அல்ல, கை வைத்துச் செய்யும் பரிசோதனை. ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து "எடுத்துடலாம்" என்று சொன்னால் வேறொரு டாக்டரையும் பார்த்துவிடுங்கள். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவரை டேபிளில் படுக்கவைத்தால் எல்லாம் உள்ளே போய்விட்டிருக்கும், "பெரிசா ஒண்ணும் இல்லையேம்மா" என்பார்கள். நாள் முழுக்க நின்றால் சாயங்காலம்தான் இறங்குகிறது என்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முக்கச் சொல்லியோ, தேவைப்பட்டால் நிற்கவைத்தோ பார்ப்பார்கள்.